"கேஸ் அடிச்சு விடுங்க"

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். இதே வட்டாரத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிசானும் 2012இல் டைம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்தன. இத்தகைய ஆலைகளில் புது வண்டியின் ஏ.சி.க்கு கேஸ் ஏற்றும் முறை கறாரானது: குழாய்களிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, கசிவில்லை என்று உறுதிசெய்து, குறித்த கிராம் அளவுக்கு இயந்திரமே நிரப்பும். அதே சாலைகளின் ஓரத்துப் பட்டறைகளுக்கு வருபவை, உதிரிபாகங்களை ஆலைக்கு ஆலை சுமந்து களைத்த பிக்அப்கள். ஓட்டுநர் இறங்கியதும் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, கூலிங் பத்தல, கேஸ் அடிச்சு விடுங்க." வியாதியைச் சொல்வதற்கு முன் மருந்தின் பெயரைச் சொல்லும் நோயாளியின் பேச்சு இது. இந்தப் பட்டறைகளைப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. கேஸ் ஏற்றுவதற்கு முன் நடக்கும் விசாரணைதான் ஏ.சி. மெக்கானிக்கின் தொழில், அதற்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

கேஸ் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. ஆர்-134ஏ என்னும் அந்தப் பொருள் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி கேபினின் வெப்பத்தை வாங்குகிறது. முன்பக்கக் கண்டன்சரில் அதைக் கொடுத்துவிட்டுத் திரவமாகி மறுபடி சுற்றுக்கு வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் போவது இயல்பு. ஒரே கோடையில் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கசியும் இடத்தில் கேஸோடு ஆயிலும் வெளியேறும், அதில் தூசி ஒட்டிக் கறுத்த திட்டாகும். அனுபவப்பட்ட கண் சோப்புத் தண்ணீரை எடுப்பதற்கு முன்பே இணைப்புகளில் அந்தக் கறையைத் தேடும். அழுத்தம் காட்டும் கேஜும் தனியாக நின்று உண்மை சொல்லாது. என்ஜின் ஓடாதபோது, 30 டிகிரி வெப்பத்தில், லோ சைடு, ஹை சைடு என்னும் குறைந்த, கூடுதல் அழுத்தப் பக்கங்கள் இரண்டும் ஏறக்குறைய 95 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை, கேஸ் முழுதாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும் எண் அதேதான், ஏனென்றால் அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. அந்த எண்ணைக் காட்டி "கேஸ் சரியா இருக்கு" என்பதும், "கம்மியா இருக்கு" என்பதும் ஒரே அளவு குருட்டுத்தனம்.

ஆகவே நல்ல மெக்கானிக்கின் முதல் கருவி கேள்வி. எப்போது கூலிங் பத்தவில்லை? வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலிலோ ஆலை கேட் வரிசையிலோ நின்றதும் சூடானால் சந்தேகம் கண்டன்சர் மேல் விழுகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலை இது. கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அந்தத் தூசி அப்பிக்கொள்கிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று அதை ஈடுகட்டிவிடும், நின்றால் ஃபேன் ஒன்றே கதி. ஹை சைடு கேஜைப் பார்த்தபடியே கண்டன்சர் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால், அழுத்தம் இறங்கி உள்ளே குளிர் ஏறுகிறதா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏறினால் வேண்டியது சுத்தமான கண்டன்சரும் ஒழுங்கான ஃபேனும். அந்த வண்டிக்கு மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் கூடி கூலிங் இன்னும் கெடும். முதல் அரை மணி நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, அணைத்து வைத்தால் மீண்டும் சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது, குளிரைக் கட்டுப்படுத்தும் சென்சாரைப் பார்க்க வேண்டும். லோ சைடு ஏறியும் ஹை சைடு இறங்கியும் இருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், சூடேறியபின் மேக்னெட் கிளட்ச் பிடிக்காமல் போகலாம். இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்த சோதனை, குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பது. சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். காயில் குளிர்ந்தால் தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். நன்றாகச் சொட்டியும் கேபின் புழுங்கினால் குளிர் பிறக்கிறது, உள்ளே வந்து சேரவில்லை. வெளிக்காற்றுத் தட்டு மூடாமல் நிற்கலாம், ஹீட்டர் பக்கத்து வெப்பம் கலக்கலாம், ப்ளோயர் தளர்ந்திருக்கலாம். இவை எதற்கும் சிலிண்டர் தேவையில்லை.

ஓட்டுநர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு நடைக்குத்தான் காசு; விசாரணைக்கு இரண்டு மணி நேரம் போனால் ஒரு நடை போயிற்று. கேஸ் அடித்தால் உடனே குளிர்கிறது என்பதும் பல வேளை உண்மைதான், கசியும் வண்டிக்கு அடுத்த கசிவுவரை அது போதும். ஆனால் வேக்குவம் போடாமல், எடை பார்க்காமல் மேலே மேலே ஏற்றும்போது காற்றும் ஈரமும் உள்ளே தங்குகின்றன. ஆயில் ஈரத்தை இழுக்கிறது, எக்ஸ்பான்ஷன் வால்வில் ஈரம் உறைந்து அடைக்கிறது, ஆயில் குறைந்த கம்ப்ரசர் தேய்கிறது. மிச்சம் பிடித்த நடைகளை ஒரு கம்ப்ரசர் விழுங்கிவிடும். கசிவது வெறும் காற்றும் அல்ல: ஆர்-134ஏ கரியமில வாயுவைப்போல 1,400 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அரைக் கிலோ கசிந்தால் ஏறத்தாழ 260 லிட்டர் டீசல் எரித்த கணக்கு. கோளாறு கண்டுபிடிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற வாதமும் எழுகிறது. புதிய வண்டிகளில் ஸ்கேனர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அடைபட்ட கண்டன்சருக்குப் பிழைக் குறியீடு பெரும்பாலும் வராது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குக் குளிரூட்டிய கேபினை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த விதி 3.5 டன்னுக்கு மேற்பட்ட என்2, என்3 வகைகளுக்கு மட்டும். அதற்குக் கீழே நிற்கும் பிக்அப்புக்கு இல்லை. மே மாத நண்பகலில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு டன் கணக்குப் பார்ப்பதில்லை. சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டறை ரசீதில் கேஸுக்கு ஒரு வரி, பாகத்துக்கு ஒரு வரி, ஏற்றுக்கூலிக்கு ஒரு வரி இருக்கிறது. கோளாறு கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றும் ஒப்பந்தக்காரர்கள் ஒரே பட்டறைக்குப் பல வண்டிகளை அனுப்புகிறவர்கள். கேஸ் ஏற்றாமல் போனாலும் பார்த்ததற்குக் கூலி உண்டு என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், வாளித் தண்ணீரை எடுத்துவர மெக்கானிக்குக் காரணம் கிடைக்கும்.