அம்மிணிக்கு அத்தை எழுதுவது

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய போட்டோவில் எர்ரர் வரிகளை விட ஓரத்தில் தெரிந்த மணிதான் முதலில் கண்ணில் பட்டது. ராத்திரி இரண்டேகால்! அதற்கு முதலில் திட்டு வாங்கிக்கொள். "நீங்க சொன்னாத்தான் கேப்பா அண்ணி" என்று உங்கம்மா எனக்கு ஃபோன் போட்டுப் புலம்புகிறாள். நான் சொல்லி நீ என்றைக்குக் கேட்டாய் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பன் முட்டிவலிக்கு எண்ணெய் மாற்றி எண்ணெய் தேய்க்கிறான், டாக்டரிடம் மட்டும் போகமாட்டேன் என்கிறான். பிடிவாதம் உங்கள் பக்கத்துச் சொத்து.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வருவது பெரிய குற்றமில்லை, எனக்கு இன்றைக்கும் வரும். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அன்ரிசால்வ்டு சிம்பல்ஸ் ஆப்ஷனுக்கு "இக்னோர் ஆல்" கொடுத்தேன், லிங்க் ஆகிவிட்டது, ஆனால் ஓடவிட்டால் விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். விழாமல் என்னடி செய்யும்? இந்தப் பேரில் ஒரு ஃபங்ஷன் கேட்கிறாய், நீ கொடுத்த ஃபைல் எதிலும் அது இல்லை என்று லிங்கர் ஒழுங்காகத்தான் சொன்னது. அதன் வாயைப் பொத்தினால் ஃபங்ஷன் முளைத்துவிடுமா?

கம்பைலருக்கு ஹெடர் ஃபைல் இருந்தால் போதும். அதை நம்பி, பேரை மட்டும் ஆப்ஜெக்ட் ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பேருக்குரிய ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலை லிங்கர் தலையில் விழுகிறது. அதனால் உன் கோடை வரி வரியாகத் துருவிக்கொண்டு உட்காராதே. நீ கேட்கிற பேர் என்ன, லைப்ரரி வைத்திருக்கிற பேர் என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

சி++ பேர்கள் நாம் எழுதிய மாதிரி உள்ளே இருக்காது, அது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவையாவது உட்கார்ந்து படித்துப் பார்த்திருக்கிறாயா? இரண்டு இன்ட் வாங்குகிற ஆட் என்ற ஃபங்ஷன் உள்ளே இப்படிப் பதிவாகும்: ஒரு அடிக்கோடு, பெரிய இசட், 3 என்ற எண், ஆட் என்ற பேர், கடைசியில் இரண்டு ஐ. 3 என்பது பேரில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. ஒவ்வொரு ஐயும் ஒரு இன்ட். ஒரு இன்டை டபுள் ஆக்கினால் அந்த ஐ போய் வேறு எழுத்து வரும், லிங்கருக்கு அது முன்பின் தெரியாத ஆள். சி-யில் இந்த வம்பு கிடையாது. அதனால்தான் சி லைப்ரரியின் ஹெடரை எக்ஸ்டெர்ன் சி போடாமல் சேர்த்தால், கையில் இருக்கிற ஃபங்ஷனையே இல்லை என்று லிங்கர் சாதிக்கும்.

உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இனிமேல் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்பு, கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. விடுபட்ட பேர் ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரிங் வருகிறது, அதற்கு முன்னால் சிஎக்ஸ்எக்ஸ்11 என்று ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த 2015-இல் ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பு வந்தது. அதுவரை அதன் ஸ்ட்ரிங் காப்பி-ஆன்-ரைட் முறையில் இருந்தது. காப்பி எடுத்தாலும் உண்மையில் எடுக்காது, இரண்டும் ஒரே எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொள்ளும், யாராவது மாற்றினால்தான் பிரியும். சி++11 தரத்தில் அதற்கு இடமில்லாமல் போனதால் ஸ்ட்ரிங்கையே புதிதாகக் கட்டினார்கள். 64 பிட் மெஷினில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட், புதியது 32 பைட். தெரியாமல் ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாது என்றுதான் புதியதன் பேருக்குள் அந்தச் சிஎக்ஸ்எக்ஸ்11 நுழைந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் லிங்கர் ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்த்து வைத்திருக்கும். லைப்ரரி 8 பைட் என்று நினைக்க, நீ 32 பைட்டை நீட்ட, மெமரி கெட்டு எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் புரோகிராம் விழும். அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நீ அழுதுகொண்டிருப்பாய். இந்த எர்ரருக்கு நீ நன்றி சொல்ல வேண்டும்.

வெண்டர் கொடுத்த லைப்ரரி மேல் என்எம் கட்டளையை ஓட்டிப் பார். டைனமிக் சிம்பல்களைக் காட்டச் சொல், பேர்களை அவிழ்த்துக் காட்டச் சொல். பேருக்கு முன்னால் டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்து இருந்தால் அது அங்கே இருக்கிறது. யு இருந்தால் அந்த லைப்ரரியும் உன்னைப் போலத் தேடிக்கொண்டிருக்கிறது. உன் ஃபங்ஷன் அங்கே இருந்து, ஸ்ட்ரிங்குக்கு முன்னால் சிஎக்ஸ்எக்ஸ்11 மட்டும் இல்லை என்றால் என் சந்தேகம் சரி, அவர்கள் பழைய முறையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய முறைக்குத் திரும்ப ஒரு மேக்ரோ இருக்கிறது, அதைப் பூஜ்யம் ஆக்கினால் போதும் என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். நிஜம்தான். ஆனால் உன் கோடு முழுவதையும், அதோடு ஸ்ட்ரிங் கொடுத்து வாங்குகிற மற்ற லைப்ரரிகளையும் அப்படியே திரும்பக் கட்ட வேண்டிவரும். என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டித் தரும்படி வெண்டரிடம் கேட்பதுதான் மரியாதை. காசு வாங்குகிறார்கள் இல்லையா?

பேர் அச்சு மாறாமல் அங்கேயே இருக்கிறது, ஆனாலும் எர்ரர் வருகிறது என்றால் கமாண்ட் வரியில் நீ கொடுத்த வரிசையைப் பார். லிங்கர் பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி, இடமிருந்து வலமாக ஒரே நடை. அது லைப்ரரியைத் தாண்டிப் போன பிறகு உன் ஆப்ஜெக்ட் ஃபைல் இலை போட்டு உட்கார்ந்தால் யார் திரும்பி வருவார்? ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு எப்போதுமே இதுதான் கதை. உபுன்டுவில் 11.10 முதல் ஆஸ்-நீடட் தானாகவே போட்டிருப்பதால் ஷேர்டு லைப்ரரிக்கும் இதே கதைதான். ஆப்ஜெக்ட் முன்னால், லைப்ரரி பின்னால்.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையான கவலை. நீங்களும் ஒரு ஷேர்டு லைப்ரரி கட்டுகிறீர்கள் என்றாய். எக்சிகியூட்டபிள் கட்டும்போது கத்துகிற அதே லிங்கர், லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி கட்டும்போது பேசாமல் இருந்துவிடும். அந்தப் பேரை மெயின் புரோகிராம் கொடுக்கலாம், வேறு லைப்ரரி கொடுக்கலாம் என்று விட்டுவிடுகிறது. பிளக்-இன் எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி வேண்டும். மற்றவர்களுக்கு அது குழி. விண்டோஸில் டிஎல்எல் கட்டும்போதே எல்லாப் பேருக்கும் பதில் கேட்கும், மேக்கும் சும்மா விடாது.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இப்படித்தான் ஒரு லைப்ரரி வெளியே போனது. ஒரு சோர்ஸ் ஃபைலை மேக்ஃபைலில் சேர்க்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. டெஸ்டிங்கில் எல்லாம் பச்சை. ஃபங்ஷன் பேரை முதல் தடவை கூப்பிடும்போதுதான் தேடுகிற லேசி பைண்டிங் வேறு. விடுபட்டது மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு மட்டும் வேண்டிய ஃபங்ஷன். முப்பதாம் தேதி சாயங்காலம் வாடிக்கையாளர் ரிப்போர்ட் பட்டனை அமுக்கினார், "சிம்பல் லுக்கப் எர்ரர்" என்று ஒரே வரி, புரோகிராம் 127 என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டது. பிறகு நடந்த மீட்டிங்குகளை உனக்குச் சொன்னால் நீ வேலையையே விட்டுவிடுவாய்.

அதனால் லைப்ரரி கட்டும் வரியில் நோ-அன்டிஃபைன்ட் ஆப்ஷனைப் போடு. டீமில் யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஏற்கெனவே கட்டி வைத்ததைச் சோதிக்க எல்டிடி-க்குச் சின்ன ஆர் கொடுத்து ஓட்டு, கிடைக்காத பேர்களை வரிசையாகச் சொல்லிவிடும். வெளியாள் கொடுத்த லைப்ரரி என்றால் எல்டிடி வேண்டாம், அது அதற்குள் இருக்கிற கோடை ஓட்டிவிடக்கூடும். ரீட்எல்ஃப் போதும்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறாயே, ஏன்? நாளைக்குக் காலையில் என்எம் காட்டியதை எடுத்துக்கொண்டு போய், வெண்டர் லைப்ரரி பழைய முறையில் கட்டப்பட்டது, புதியது வேண்டும் என்று சொல். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நீயே போட்டுக்கொண்ட மூட்டை அது. உனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சீனியர் இருக்கிறார் என்றாயே, அவரிடமும் கேள். கேட்டால் குறைந்துவிடமாட்டாய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா பார். லேப்டாப்பை வேண்டுமானால் கொண்டு வா, வெண்டர் பதில் போட்டிருந்தால் சேர்ந்தே பார்த்துவிடலாம். சந்தகையும் தேங்காய்ப்பாலும் செய்து வைக்கிறேன். உங்கப்பனை டாக்டரிடம் கூட்டிப்போகிற வேலையும் உனக்கு இருக்கிறது, நான் சொன்னால் அவன் கேட்பதில்லை.

அன்புடன்,
உன் அத்தை