வெறுங்கால் வெற்றி

"பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?" என்று பெருமாநல்லூர்ப் பெற்றோர் சிலர் உபாத்தியாயராகிய நம்மைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது 1911-ஆம் வருஷத்துச் சமாசாரம்.

அவ்வருஷம் ஐ. எப். ஏ. கேடயப் பந்தயத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் கோஷ்டி முதலில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியை வென்றது. பிறகு ரைபிள் பிரிகேட், மிடில்செக்ஸ் முதலிய பட்டாளத்துக் கோஷ்டிகளும் தோற்றன. ஜூலை 29-ல் இறுதி ஆட்டம். எதிரே, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்ஷயர் படையினர். இப்பக்கம், பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் நின்றனர். பூட்ஸ் போட்டவர் ஸுதீர் சட்டர்ஜி ஒருவரே; அவர் கல்லூரி ஆசிரியர்!

முதல் கோல் பட்டாளத்தாருடையது. பின்னர் தலைவர் சிவதாஸ் பாதுரி ஒன்றும், அபிலாஷ் கோஷ் ஒன்றும் போட, 2-1 என்று ஜயம் கிட்டியது.

அந்த ஆட்டம் சோறு போடவில்லைதான். ஆனால், வெள்ளைக்காரரை வெல்ல முடியாது என்ற பயத்தைப் போக்கிற்று. நாளை பனியன் கம்பெனிக்குப் போகப்போகும் பிள்ளைக்கும் அந்தத் தைரியம் வேண்டாமா? மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள், ஐயா!