உடையாத கண்ணாடி

ஓய்வு பெற்றபின் உளவியல் அறிமுகப் பாடம் படித்து வருகிறேன். அதில் ஒரு சோதனை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். சிலரிடம் ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். படத்தில் கண்ணாடியே உடையவில்லை! யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவில் கலந்துவிட்டது.

ஊர் வீட்டைப் பற்றி அப்பா கடைசியாகச் சொன்னது அண்ணனுக்கு ஒரு மாதிரி நினைவிருக்கிறது, எனக்கு வேறு மாதிரி. இருபது வருடமாக அவரவர் வீட்டில் கேட்ட பேச்சும் அதில் கலந்திருக்குமே! அண்ணன் பொய் சொல்கிறார் என்று பிள்ளைகள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பொங்கலுக்கு அவரைப் பார்க்கப் போகிறேன்.