காலி டேங்க்

இந்திய நடுத்தரக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிளுக்கு இரவில் வீட்டுக்குள்தான் இடம். வராந்தாவில், மாடிப்படிக்கு அடியில், வேறு வழியே இல்லாவிட்டால் ஹாலில் சோபாவை ஒட்டி. திருட்டு பயம் ஒரு காரணம், மழை இன்னொன்று. வண்டி நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் சமையலறை, அதை ஒட்டி சுவாமி விளக்கு. ஆகவே டேங்கில் பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தால் அதை மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அது குடும்பப் பிரச்சினையாகிவிடுகிறது.

மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்படித்தான் ஆனது. குடும்பத் தலைவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வண்டி, 1984இல் அவருடைய அப்பா வாங்கிய யெஸ்டி ரோட்கிங். மைசூரில் யெஸ்டி என்றால் ஊர்ப்பிள்ளை. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1961இல் இங்கே வண்டிகள் தயாராகத் தொடங்கின; 1973 முதல் யெஸ்டி என்று பெயர்; 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், உதைக்கவும் கியர் போடவும் ஒரே லீவர் என்று அதன் விசித்திரங்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள்.

முதலில் வாசனைதான். பிறகு தரையில் ஒரு கறை. யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் பிசுபிசுப்பாகத் தங்கும். எனவே திருடன் காலடித்தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறான். அவர் பெட்ரோல் காக்கைச் சந்தேகித்தார். டேங்க் ஒழுகுகிறது என்று சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் உண்மையான குற்றவாளி காக்கில் உள்ள வாஷர்தான். வாஷரை மாற்றினார். கறை நிற்கவில்லை. டேங்கின் அடிப்பக்கத்தைத் துடைத்து, காயவைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். கால் மணி நேரத்தில் பின்பக்க மூலையில், தகடுகள் சேரும் விளிம்பை ஒட்டி, வெள்ளைப் பொடியில் கடுகளவு ஈரம் தெரிந்தது.

துளை அங்கே விழுந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கில் எந்த வழியாக ஈரம் சேர்ந்தாலும் கடைசியில் அது தாழ்வான மூலைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே துரு பிடிக்கும். வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளிருந்துதான் தகட்டைத் தின்கிறது. கண்ணுக்குத் துளை தெரியும்போது அதைச் சுற்றி உள்ள தகடும் காகிதமாக இளைத்திருக்கும். பெட்ரோலில் எத்தனால் கலப்பது இதற்கு இன்னொரு கோணம். 2022 ஜூனில் கலப்பு 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஈரம் மிகுந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய பாதிப்பல்ல. வாரக்கணக்கில் சும்மா நிற்கும் பழைய வண்டிக்குத்தான் சோதனை. ஆனாலும் நாற்பது வருடத் துருவுக்கு எத்தனாலை மட்டும் பழி சொல்வது நியாயமாகாது.

வீட்டில் அபிப்பிராயங்கள் எழுந்தன. புனேயில் வேலை பார்க்கும் மகன், "வித்துடுங்கப்பா, இதுக்கு மேல எதுக்கு அவஸ்தை?" என்றான் போனில். மனைவி அவ்வளவு தூரம் போகவில்லை. "ஏங்க, வண்டி வாசலுக்குப் போகட்டும். அதுவரைக்கும் நான் விளக்கு ஏத்தப் போறதில்ல" என்றார். இரண்டு நாள் சாயங்காலம் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

தற்காலிகமாக அவர் செய்தது லாரிக்காரர்களின் வைத்தியம். துணி சோப்பை அழுத்தித் தேய்த்துத் துளையை அடைப்பது. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் கொஞ்ச நேரம் தாங்கும். மழை பெய்தால் அவ்வளவுதான். எம்சீலைப் பிசைந்து அப்பலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கசிவு இருக்கும்போது, ஆயில் படிந்த தகட்டில் அது ஒட்டுவது போலப் பாவனை செய்யும். இரண்டே நாளில் பெயர்ந்து வரும்.

மூன்றாவது யோசனைதான் விபரீதமானது. தெருமுனை வெல்டிங் பட்டறைப் பையன், "காலி பண்ணிக் கொண்டாங்க சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். அவர் டேங்கைக் கழற்றத் தயாரானார். அப்பா காலத்திலிருந்து வண்டியைக் கவனித்து வந்த முதிய மெக்கானிக்குக்குத் தற்செயலாகப் போன் செய்தபோது அவர் பதறிவிட்டார். கன்னடமும் தமிழும் கலந்து அவர் சொன்னதன் சாரம்: "சார், நிறைஞ்ச டேங்க்கூடப் பரவாயில்லை. காலி டேங்கை நம்பாதீங்க."

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவிகிதம் வரை இருந்தால் தீப்பொறிக்கு அது வெடிமருந்து. விளிம்புவரை நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கில் காற்றும் உண்டு, இடுக்குகளில் ஒளிந்திருக்கும் துளிகளிலிருந்து எழும் ஆவியும் உண்டு. விவரம் தெரிந்த பட்டறைக்காரர்கள் பலமுறை கழுவி, பிறகு டேங்கில் தண்ணீர் நிரப்பி, சூடு படும் இடத்தில் மட்டும் சிறிது இடம் விட்டுத்தான் நெருப்பைக் காட்டுவார்கள். ஐந்து நிமிஷ வேலைக்கு அரை நாள் ஆயத்தம். அந்த ஆயத்தத்தைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பட்டறையிலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

நெருப்பே வேண்டாம் என்று முடிவானது. வேலையை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். மெக்கானிக் அதற்கும் தடை போட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். படிக்கட்டு வழியாக இறங்கிச் சமையலறைக்கே வந்து சேரும். கடைசியில் கொல்லைப்புறம், காலை வேளை, அடுப்பு மூட்டுவதற்கு முன். பெட்ரோல் உலோகக் கேனில் இறக்கப்பட்டது. டேங்க் சலவை சோடாவும் வெந்நீரும் விட்டு வாசனை போகும்வரை கழுவப்பட்டது.

பிறகு துரு. உள்ளே கை போகாது. முப்பது நட்டுகளை எண்ணிப் போட்டு, தண்ணீர் விட்டு, டேங்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் குலுக்கினார். செந்நிறக் குழம்பாக வந்தது. எண்ணிப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. முப்பதும் வெளியே வந்தாக வேண்டும். இருபத்தொன்பதாவதோடு நின்றுபோக, மீதமிருந்த ஒன்றைத் தேடி அரை மணி நேரம் டேங்கைத் தலைகீழாகப் புரட்டினார்கள் கணவனும் மனைவியும். இரண்டு நாள் வினிகர் ஊறியது. பிறகு ஆப்ப சோடாக் கரைசல், கடைசியாக நல்ல தண்ணீர். அமிலம் பட்ட தகடு காற்றுப் பட்டதும் நிமிஷங்களில் மறுபடி துருப் பிடிக்கும் என்பதால் உடனே காயவைக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு வந்தார் அவர். அதில் கனலும் கம்பி இருப்பதை நினைவுபடுத்தி மனைவி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மைசூர் வெயில் போதும் என்று ஆனது.

வெளிப்பக்கம் துளையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோதுதான் அது தெரிந்தது. பெயின்ட்டுக்கு அடியில், பழைய மோதிரம் அளவுக்கு, மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஈயப்பற்று. அதே மூலை ஏற்கெனவே ஒருமுறை ஒழுகியிருக்கிறது. அவருடைய அப்பா அதை அடைத்து, நிறம் பொருந்தப் பெயின்ட் அடித்து, யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். புதுக் கசிவு அந்தப் பற்றின் ஓரத்தில்தான். "மாமா சொல்லவே இல்லையே" என்றார் மனைவி. இத்தனை வருடமாக அந்த மூலைக்குச் சற்று மேலேதான் பேரக்குழந்தைகளை உட்காரவைத்து ஊர் சுற்றினார் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் ஈயத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெல்டிங் தீ பட்டிருந்தால் அது முதலில் உருகி ஓடியிருக்கும். ஈயம் கலந்த தகட்டில் பற்று சரியாகப் பிடிக்கவும் செய்யாது. கடுகளவுத் துளை காசளவு ஆகியிருக்கும்.

ஈயம் சுரண்டப்பட்டது. பளபளக்கும் தகட்டில் எபாக்சி பற்று. ஒரு நாள் இறுக விட்டார்கள். பிறகு டேங்குக்கென்றே விற்கப்படும் இரண்டு பாக எபாக்சி திரவத்தைக் கலந்து உள்ளே ஊற்றி, எல்லா மூலையிலும் படியும்படி உருட்டி, மிச்சத்தை வடித்து, நான்கு நாள் அப்படியே வைத்தார்கள். அவசரப்பட்டால் பெட்ரோல் அதை உரித்துக்கொண்டு வந்து கார்புரேட்டரை அடைத்துவிடும்.

இப்போது ஒழுகவில்லை. விளக்கு எரிகிறது. ஆனாலும் வண்டிக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. கொல்லையில் தகரக் கூரை போட்டாகிவிட்டது. டூல்ஸ் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவர் ஒரு காகிதம் வைத்திருக்கிறார். எந்த மூலையில் துளை, எதைக் கொண்டு அடைத்தது, எந்தத் தேதி, நெருப்புக் காட்டக் கூடாது என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறது. மகன் வண்டியை வைத்துக்கொள்வானா விற்பானா தெரியாது. யார் கைக்குப் போனாலும், டேங்கைக் கழற்றுவதற்கு முன்பு அவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.