பாதை திறக்கும் கதவு

மலாய் மொழியில் சிம்பாங் அம்பாட் என்பதற்கு நாற்சந்தி என்பது பொருள். வழியையே தன் பெயராகக் கொண்ட ஊர் அது. அதன் சுற்றுப்புறத் தோட்டங்களில் பால்மரம் சீவுவோரின் காலடிகள் நிரைகளுக்கிடையே ஒற்றையடிப் பாதைகளை வகுத்தன. லயத்தினின்று கோயிலுக்கும் பள்ளிக்கும் அவை கிளைத்துச் சென்றன. நடப்பார் இல்லையேல் சில திங்களில் புல் அவற்றை மூடிவிடும். மண் தனக்குரியதை மீட்டுக்கொள்ளும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று, வழியை நன்மையின் மறுபெயராகவே வழங்கி வந்தவர் தமிழர்.

சக்கரத்தின் தடமோ எளிதில் மறைவதன்று. கனத்த லாரி மண்ணை இறுக்கிவிடுகிறது. மழைநீர் உட்புகாமல் தடத்தின்வழி ஓடி, செம்மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. சேறு மிகுந்தால் அடுத்த வண்டி ஓரமாய் விலகிப் புதிய தடம் பதிக்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது.

தோட்டத்தில் நேர்வது இவ்வளவே. காட்டில் நேர்வதைப் பேராக்கின் வடபகுதியில் காணலாம். கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பெற்றது. அதன் வடபால் உள்ளது ராயல் பெலும். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற 117,500 ஹெக்டர் காடு. தென்பால் உள்ள தெமெங்கோர் காட்டிலோ மரம் வெட்ட இசைவு உண்டு. வெட்டுமிடந்தோறும் லாரிப் பாதை நீள்கிறது. மரம் போன பின்னும் பாதை எஞ்சுகிறது. அதன்வழிக் கண்ணி வைப்பவன் நுழைகிறான். எல்லைக்கல் அவனைத் தடுப்பதில்லை. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற கணக்கெடுப்பு, காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவென மதிப்பிட்டது. அவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் கண்ணியும் ஒன்று.

வெயில் படும் சாலையோரத்தில் புல் செழிக்கும். அது யானைகளை அழைக்கும். 2025 மே 11, அன்னையர் தினம். அந்நெடுஞ்சாலையில் யானைக்கன்று ஒன்று லாரியின் அடியில் சிக்கி மாண்டது. தாய் யானை அவ்விடம் விட்டு அகலாமல், லாரியின்மேல் தலை சாய்த்து நின்றது. அக்காட்சியைக் கண்டு நாடே கலங்கிற்று.

கலக்கம் மட்டும் போதாது. சாலை மனிதனுக்கு வேண்டியதே; நோயாளியும் மாணவனும் அதில்தான் செல்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு பாதையும் ஒரு கதவு. திறக்குமுன், பின்னே நுழைவார் யாவர் என எண்ணுதல் வேண்டும். பணி முடிந்த லாரிப் பாதையை அடைத்துவிடுதல் வேண்டும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையைப் புல் தானே மூடியது. காட்டுப் பாதையை மூடும் கடமை, அதைத் திறந்த கைகளுக்கே உரியது.