ஏரிக்கரை ஓட்டம்

மரம் ஒரே நாளில் வைரம் பாய்வதில்லை. மழையும் வெயிலும் மாறி மாறி வந்து, அடிமரம் மெல்ல மெல்லப் பருத்து, அதன் பின்னரே உள்ளே வைரம் ஏறுகிறது. மனித உடலும் அத்தகையதே. உடல் உரம் விலைக்கு வாங்கும் பொருளன்று. பிறரிடம் கடனாகப் பெறும் பொருளும் அன்று. நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஈட்ட வேண்டிய செல்வம் அது. இவ்வுண்மையைக் கல்லூரி மாணவி ஒருத்தி பத்து வாரங்களில் கற்றுக்கொண்ட வரலாறு, படைப்பயிற்சியை விரும்பும் இளைஞர் அனைவர்க்கும் பயன்படுவதாகும்.

ஸ்ரீபெரும்புதூர், இராமாநுசர் தோன்றிய திருத்தலம். அதனைச் சூழ்ந்த நிலம் ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கிய பின் அந்நிலத்தின் தோற்றம் மாறலாயிற்று. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று அங்கே இரவும் பகலும் ஷிப்டு பஸ்கள் ஓடுகின்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இடைவிடாது செல்கின்றன. ஆயினும், ஆலைகளுக்கு இடையே பழைய ஏரிகள் சில இன்னும் நீர் தேங்கி நிற்கின்றன. அத்தகைய ஏரி ஒன்றன் கரையே அம்மாணவிக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று.

அவள் தந்தையார் ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் ஆலை ஒன்றில் தொழிலாளி. அவளோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று வந்தாள். தேசிய மாணவர் படையிலும் சேர்ந்திருந்தாள். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், அதாவது 1948-இல், தோற்றுவிக்கப்பட்ட அப்படை, மாணவர்க்கு ஒற்றுமையையும் ஒழுக்கத்தையும் ஊட்டி வருவதை யாவரும் அறிவர். அப்படையைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் சிலரைத் தேர்ந்து, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்புவது உண்டு. கோடை விடுமுறையில் அங்குச் செல்ல அவளும் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

பரங்கிமலைக் கழகத்தின் பெருமை சிறிதன்று. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் படைக்கு அதிகாரிகள் பலர் விரைவில் தேவைப்பட்டனர். அத்தேவையை நிறைவு செய்ய 1963-இல் பயிற்சிப் பள்ளியாக அது தொடங்கப்பெற்றது. 1988-இல் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. காசுமீரத்தில் 2014-இல் போரிட்டு உயிர் துறந்து அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் அங்குப் பயின்றவரே. அக்கழகம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பஸ்ஸில் ஏறினால் சென்றுவிடலாம். ஆனால் அவ்வாயிலைக் கடப்பதற்கு உரிய உடலை எந்தப் பஸ்ஸும் கொண்டு தராது.

படையதிகாரி ஆக விரும்புவோர் முன்கூட்டியே எய்த வேண்டிய உடல் நிலை, தேர்வு அறிவிப்புகளில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. 2.4 கிலோமீட்டரை 15 நிமிடங்களில் ஓடுதல், கயிறு தாண்டுதல், தண்டால் 20, படுத்தெழுதல் 20, கம்பியில் தொங்கி மோவாய் மேலே வருமாறு எழும்புதல் 8, கயிற்றில் 3 முதல் 4 மீட்டர்வரை ஏறுதல் என்பனவே அவை. பிற்காலத்தில் இவ்வளவுகள் மாறின. எனினும், ஓட்டத்தைப் பொறுத்தவரை இப்பழைய அளவையே அவள் தன் இலக்காகக் கொண்டாள். தந்தையாரின் வண்டியைக் கொண்டு ஏரிக்கரையை அளந்தாள். மதகிலிருந்து கலங்கல்வரை 600 மீட்டர் இருந்தது. இரு முறை சென்று மீண்டால் 2.4 கிலோமீட்டர் ஆகும்.

முகாமுக்குப் பத்து வாரங்கள் இருந்தன. முதல் நாளே அவள் அவ்வளவையும் ஓடினாள்; 19 நிமிடங்கள் ஆயின. மறுநாள் இரு மடங்கு ஓடினாள். மூன்றாம் நாள் காலையிலும் மாலையிலும் ஓடினாள். இளமை ஊக்கம் தந்தது. நெஞ்சும் மூச்சும் விரைவில் பழகின. ஆனால் இரண்டாம் வார இறுதியில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தோன்றியது. அவள் அதனைப் பிறரிடம் கூறாமல் மறைத்தாள். வலியைப் பொறுப்பதே வீரம் என்று எண்ணினாள். ஒரு நாள் காலை எழுந்து காலைத் தரையில் ஊன்றியபோது, அவளால் நிற்க இயலவில்லை.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் காலைச் சோதித்தார். நல்வினையாக எலும்பில் விரிசல் காணவில்லை. "இன்னும் ஒரு வாரம் இப்படி ஓடியிருந்தால் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருக்கலாம். அப்போது முகாமை மறந்துவிட வேண்டியதுதான்" என்றார் அவர். அதன் காரணத்தையும் விளக்கினார். ஓட்டத்தின் அழுத்தம் பட்டவுடன், எலும்பு தன் பழைய பகுதியைக் கரைத்துப் புதியதைக் கட்டத் தொடங்குகிறது. கரைப்பது முன்னும் கட்டுவது பின்னுமாக நடைபெறுவதால், இடையில் எலும்பு சற்றே வலுக்குறைந்து நிற்கிறது. அவ்வேளையில் ஓய்வு தந்தால் முன்னிலும் உறுதி பெறும். மேலும் மேலும் அடித்தால் உடையும். மூச்சு பழகும் விரைவில் எலும்பு பழகாது. ஆகவே, பத்து நாள் ஓடலாகாது என்று அவர் கட்டளையிட்டார்.

அவள் மனம் உடைந்து வீட்டிற்கு வந்தாள். அன்றிரவு இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்த தந்தையார், உறங்காமல் அமர்ந்திருந்த மகளைக் கண்டார்.

"அம்மா, புதிய வண்டியை வாங்கிச் செல்வோர்க்கு நாங்கள் என்ன சொல்கிறோம், தெரியுமா? முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள் என்கிறோம். இரும்புக்கும் பழக நாள் வேண்டியிருக்கிறது. எலும்புக்கு வேண்டாமா?" என்றார் அவர்.

"பத்து நாள் வீணாகிறதே, அப்பா! நான் பின்தங்கி விடுவேனே!" என்றாள் அவள்.

"ஓய்வு வீண் அன்று, அம்மா. அதுவும் வேலைதான். எங்கள் ஆலையில் ஓரிடத்தில் ஒருவன் தடுமாறினால் வரிசை முழுவதும் நிற்கும். உன் அணியும் அப்படித்தான். நீ முதலில் வருவது பெரிதன்று. உன்னால் அணி நில்லாதிருப்பதே பெரிது."

அச்சொற்கள் அவள் உள்ளத்தில் பதிந்தன. அதுவரை அவள் தனக்காக ஓடினாள். அதன் பின்னர்த் தன் அணிக்காக உடலைக் காக்கத் தொடங்கினாள்.

ஓட்டம் நின்ற பத்து நாளும் தண்டால் எடுத்தாள். கம்பியில் தொங்கிக் கைகளுக்கு வலுவூட்டினாள். காலில் வலி அற்றுப்போனபின் நடந்தாள். பின் நடையும் ஓட்டமும் கலந்து பயின்றாள். ஒவ்வொரு வாரமும் முன்னதைவிடச் சிறிதளவே கூட்டினாள். வாரத்தில் இரு நாள் ஓடாதிருந்தாள். புதுப் பூட்சை முதலில் வீட்டினுள்ளும், பின்னர் நடையிலும் அணிந்து காலுக்குப் பழக்கினாள். கேழ்வரகுக் கூழும், மோரும், கீரையும், முட்டையும் அவள் உணவில் தவறாது இடம்பெற்றன. கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பதை மாணவர் அறிதல் வேண்டும். இரவில் காலத்தே உறங்கினாள். உடல் தன்னைச் செப்பம் செய்துகொள்வது உறக்கத்திலேயன்றோ!

சித்திரை வெயிலுக்கும் உடலைப் பழக்க வேண்டியிருந்தது. வெப்பத்திற்கு உடல் இணங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆதலின் அவள் நண்பகலில் ஓடவில்லை. விடியலில் ஓடிய நேரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக வெயில் ஏறும் பொழுதுக்குத் தள்ளினாள். தாகம் எடுக்குமுன் நீர் அருந்தினாள். தலை சுற்றினால் நிழலில் அமர்ந்தாள். அதனை இழிவாகக் கருதவில்லை.

பண்டைக் கிரேக்கரிடையே மைலோ என்னும் மல்லன் ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி வந்தான் என்றும், அது எருதாக வளர்ந்தபோதும் அவனால் தூக்க முடிந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் கருத்து மெய்யே. எருதை முதல் நாளே தூக்க முயன்றவன் முதுகெலும்பை இழப்பான். கன்றோடு தொடங்கியவன் எருதையும் வெல்வான்.

பத்தாம் வாரத்தில் ஒரு நாள் விடியல். மூன்றாம் ஷிப்டு முடிந்த தொழிலாளரைச் சுமந்த பஸ்கள் சாலையில் சென்றுகொண்டிருந்தன. தந்தையார் கைக்கடிகாரத்துடன் மதகின்மீது நின்றார். மகள் இரு முறை கலங்கலைத் தொட்டு மீண்டாள். 14 நிமிடங்களும் சில நொடிகளும் ஆகியிருந்தன. அவர் புகழ்ந்துரைக்கவில்லை. "கால் வலிக்கிறதா, அம்மா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை, அப்பா" என்றாள் அவள். அவ்விடையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பெட்டியுடன் அவள் பரங்கிமலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே அவளினும் விரைந்து ஓடுவோர் பலர் இருந்திருக்கலாம். ஆயினும், தன்னால் அணி நில்லாது என்னும் உறுதியோடு அவள் சென்றாள். வலியை மறைப்பது வீரமன்று. தன் உடலின் அளவை அறிந்து, அதனைப் பொறுமையோடு வளர்த்து, பிறர்க்குப் பயன்படச் செய்வதே வீரம். நாட்டைக் காக்க விரும்புவோர் முதலில் காக்க வேண்டிய எல்லை தம் உடலே என்பதை இளைஞர் மறவாதிருப்பாராக.