இரு கடல்களின் நடுவே

பஜ்ருத் தொழுகை முடித்து, மதுரையிலிருந்து இருசக்கர வண்டியில் தனியே புறப்பட்டேன். திருப்புவனத்துத் தென்னந்தோப்புகள் பின்தங்கின. பரமக்குடிக்கு அப்பால் சீமைக்கருவேலமும் பனையுமே துணை. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் கடற்காற்று வண்டியை உலுக்கியது. உடன் ஒருவர் இருந்தால் நலமென அங்குதான் உள்ளம் ஏங்கியது.

1964ஆம் ஆண்டுப் புயல் விட்டுச்சென்ற தேவாலயச் சுவர்கள் தனுஷ்கோடியில் இன்னும் நிற்கின்றன. வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்த அவ்வூரை மீனவர்கள் கைவிடவில்லை, பாருங்கள்! குடிசையொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர், "தனியாவா வந்தீக பாய்?" என்றார். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு சொம்பு நீர் மொண்டு தந்தார். இருபுறமும் உவர்க்கடல், இந்நீரோ இனித்தது! பாதியைப் பருகி, மீதியில் ஒளூச் செய்து, லுஹரைச் சுருக்கித் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, மறு சொம்பு நீருடன் அவர் காத்திருந்தார்.